ஃப்ரீஐபிஏ சர்வர் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஃப்ரீஐபிஏ என்பது ஆபீஸின் பயனர் கணக்கு, லாகின், சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் லினக்ஸ் மென்பொருள். பெங்களூருவின் சின்ன ஆபீஸ்களில் அது உட்காரும் இடம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். படிக்கட்டுக்கு அடியில் ஒரு ராக், இரண்டு இன்டர்நெட் லைன், லைன் கொடுத்தவர் மாட்டிவிட்டுப் போன ரவுட்டரே டிஎன்எஸ், ஒரு சர்வரில் ராக்கி லினக்ஸ் 9 அல்லது ஆல்மா லினக்ஸ் 9. வரும் கோளாறுகளும் ஒரே மாதிரிதான். திரையில் கெர்பரோஸ் (லாகினைச் சரிபார்க்கும் முறை) பிழை என்றோ சான்றிதழ் பிழை என்றோ வரும். தோண்டிப் பார்த்தால் ஹோஸ்ட்நேம், கடிகாரம், டிஎன்எஸ் இந்த மூன்றில் ஒன்று கெட்டிருக்கும். அழித்துவிட்டு மறுபடி நிறுவலாம் என்று உடனே கை போகும், போகவிடாதீர்கள். மறுநிறுவல் புதிய சான்றிதழ் ஆணையத்தை (சிஏ) உருவாக்கும், அதோடு ஏற்கெனவே சேர்த்த எல்லா கிளையன்ட்களும் அறுந்துபோகும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில், வேறு சொல்லாத இடங்களில் சிறிய எழுத்தில், கோடு இருக்கும் இடத்தில் கோடு போட்டு அடிக்க வேண்டும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த மூன்று

‘ஹோஸ்ட்நேம் -எஃப்’ அடியுங்கள். புள்ளிகளோடு கூடிய முழுப் பெயர், எல்லாம் சிறிய எழுத்தில் வர வேண்டும். வெறும் ‘சர்வர்1’ என்றோ ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றோ வந்தால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டாம், அதைச் சரிசெய்யுங்கள்.

‘டைம்டேட்சிடிஎல்’ அடியுங்கள். அதில் யுடிசி என்று காட்டும் நேரத்தோடு 5 மணி 30 நிமிடம் கூட்டினால் உங்கள் கைக்கடிகார நேரம் வர வேண்டும். கடிகாரம் ஒத்திசைந்திருக்கிறதா என்ற வரியில் ‘யெஸ்’ இருக்க வேண்டும்.

‘டிக்’ கட்டளையால் சர்வரின் முழுப் பெயரைக் கேளுங்கள். பிறகு கிடைத்த ஐபி முகவரியை ‘டிக் -எக்ஸ்’ போட்டுத் திருப்பிக் கேளுங்கள். போன பெயரே திரும்பி வர வேண்டும்.

அறிகுறி: பேக்கேஜே இல்லை என்கிறது

ஓஎஸ் பதிப்பு 9-இல் ‘ஐபிஏ-சர்வர்’, ‘ஐபிஏ-சர்வர்-டிஎன்எஸ்’ இரண்டும் நேராக டிஎன்எஃப் (பேக்கேஜ் நிறுவும் கட்டளை) வழியே வந்துவிடும். பதிப்பு 8-இல் வராது. மாடுலர் ஃபில்டரிங்கில் தள்ளிவிட்டதாகப் பிழை காட்டும். ‘டிஎன்எஃப் மாட்யூல் எனேபிள் ஐடிஎம்:டிஎல்1’ (டிஎல் மட்டும் பெரிய எழுத்தில்) அடித்துவிட்டு மறுபடி முயலுங்கள். உபுண்டுவில் சர்வரை ஓட்ட முயல வேண்டாம், அங்கே கிளையன்ட் மட்டும் போதும்.

அறிகுறி: நிறுவல் தொடங்கிய இரண்டாம் நிமிடமே நின்றுவிடுகிறது

*ஹோஸ்ட்நேம் பிடிக்கவில்லை என்றால்.* ‘ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம்’ கொண்டு முழுப் பெயரை வையுங்கள். அடுத்து, ஈடிசி கோப்பகத்தில் உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறங்கள். அங்கே ஒரு வரியில் முதலில் உண்மையான லேன் ஐபி, அடுத்து முழுப் பெயர், கடைசியில் குறும்பெயர் என்ற வரிசை இருக்க வேண்டும். குறும்பெயர் முன்னால் வந்தாலும் தவறு. 127-இல் தொடங்கும் முகவரியோடு சர்வர் பெயர் ஒட்டியிருந்தாலும் தவறு.

கிளவுட் மெஷின் என்றால் இதில் இன்னொரு பொறி இருக்கிறது. இன்று நீங்கள் திருத்திய ஹோஸ்ட்நேமை அடுத்த ரீபூட்டில் கிளவுட்-இனிட் (கிளவுட் மெஷினைத் தொடக்கத்தில் அமைக்கும் சேவை) பழையபடி மாற்றிவிடும். நிறுவல் நன்றாக முடிந்து, ஒரு வாரம் ஓடி, ரீபூட் செய்த அன்று ஒரு சேவையும் எழாமல் போவதற்கு இது ஒரு காரணம். கிளவுட்-இனிட் அமைப்புக் கோப்பில் ‘பிரிசர்வ் ஹோஸ்ட்நேம்’ (சொற்களுக்கு நடுவில் அடிக்கோடு) என்பதை ‘ட்ரூ’ ஆக்குங்கள். ‘மேனேஜ் ஈடிசி ஹோஸ்ட்ஸ்’ இருந்தால் ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள்.

*ஐபிவி6 பற்றிப் புலம்பினால்.* யாரோ பழைய பாதுகாப்புப் பட்டியலைப் பார்த்து ஐபிவி6-ஐ முழுவதும் அணைத்திருப்பார்கள். வெளி கார்டில் அணைந்திருந்தால் பரவாயில்லை. மெஷின் தன்னோடு தானே பேசும் ‘லோ’ இன்டர்ஃபேஸில் மட்டும் இருந்தே ஆக வேண்டும். சிஸ்சிடிஎல் அமைப்பில் ‘லோ’வுக்கான ‘டிசேபிள் ஐபிவி6’ மதிப்பை 0 ஆக்குங்கள். கெர்னல் பூட் வரியிலேயே அணைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு ரீபூட் செய்ய வேண்டும்.

*நினைவகம் போதவில்லை என்றால்.* சான்றிதழ் ஆணையத்தோடு நிறுவும்போது 1.2 ஜிபிக்குக் குறைவாக ராம் இருந்தால் நிறுவியே மறுத்துவிடும். சோதனையைத் தாண்டிப் போக ஒரு ஆப்ஷன் உண்டு, ஆனால் தாண்டினால் அடுத்த கட்டத்தில் மாட்டுவீர்கள். 10,000 பயனர் வரை 4 ஜிபி ராமும் 4 ஜிபி ஸ்வாப்பும் என்பது ரெட் ஹாட் ஆவணக் கணக்கு. முப்பது பேர் ஆபீசுக்கும் 4 ஜிபியே கொடுங்கள். இதில் மிச்சம் பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

*டொமைன் ஏற்கெனவே வேறு சர்வரில் இருக்கிறது என்றால்.* கம்பெனியின் வலைத்தளமும் மெயிலும் ஓடும் அதே டொமைனை ஐபிஏவுக்கும் கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். மேலெழுதிக்கொள்ளும் ‘அலவ்-ஸோன்-ஓவர்லேப்’ ஆப்ஷனைப் போட்டால் நிறுவல் முடியும். மறுநாள் ஆபீஸுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் கம்பெனி வலைத்தளம் திறக்காது, ஏனென்றால் அந்த டொமைனுக்கு இனி உங்கள் சர்வரே பதில் சொல்கிறது. அதன் அடியில் ‘ஐபிஏ’ என்று ஒரு துணை டொமைன் எடுத்துக்கொள்ளுங்கள். ‘லோக்கல்’ என்று முடியும் பெயர் வேண்டவே வேண்டாம். பல உபுண்டு லேப்டாப்கள் அதை டிஎன்எஸ்ஸிடம் கேட்காமல் எம்டிஎன்எஸ்ஸோடு (அக்கம்பக்க மெஷின்களிடம் மட்டும் பெயர் கேட்கும் முறை) நிறுத்திக்கொள்ளும். நிறுவியபின் ரெல்ம் (கெர்பரோஸ் டொமைன்) பெயரை மாற்ற வழி இல்லை, ஆகவே இந்த இடத்தில் அரை மணி யோசிக்கலாம்.

*ஏற்கெனவே அமைக்கப்பட்டிருக்கிறது என்றால்.* பாதியில் அறுந்த பழைய முயற்சியின் மிச்சம். ‘ஐபிஏ-சர்வர்-இன்ஸ்டால் --அன்இன்ஸ்டால்’ ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் டாக்டேக் (சான்றிதழ் சர்வர்) மிச்சம் ஒட்டியிருந்தால் ‘பிகேஐடெஸ்ட்ராய்’ கட்டளையில் சிஏ (பெரிய எழுத்தில்) என்றும் பிகேஐ-டாம்கேட் என்றும் குறிப்பிட்டு நீக்குங்கள். பயனர் விவரங்களைச் சேமிக்கும் 389 டைரக்டரி சர்வர் மிச்சத்துக்கு ‘டிஎஸ்சிடிஎல்’ இருக்கிறது. மூன்றாவது முறையும் இதே பிழை வந்தால் மெஷினைத் துடைத்துப் புதிய ஓஎஸ் போடுவதுதான் நேர மிச்சம். பயனர்கள் யாரும் இன்னும் சேராத சர்வருக்கு மட்டும்தான் இந்தப் பத்தி. ஓடிக்கொண்டிருந்த சர்வரில் அன்இன்ஸ்டால் அடித்தால் பயனர், குழு, சான்றிதழ் எல்லாம் போய்விடும்.

அறிகுறி: சான்றிதழ் சர்வர் கட்டத்தில் தொங்கிவிடுகிறது

பிகேஐ-டாம்கேட்டை அமைக்கிறேன், மூன்று நிமிடம் ஆகும் என்று திரை சொல்லும். பத்து நிமிடம் ஆகியும் நகரவில்லை, அல்லது 300 நொடியில் சிஏ எழவில்லை என்று விழுந்துவிட்டது என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் ப்ராக்ஸி. ‘என்வ்’ அடித்து, ‘எச்டிடிபி ப்ராக்ஸி’, ‘எச்டிடிபிஎஸ் ப்ராக்ஸி’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிறுவி தன் மெஷினோடு தானே பேச வேண்டிய பேச்சை வெளியே ப்ராக்ஸிக்கு அனுப்பிவிடும். அங்கிருந்து பதில் வராது. ‘அன்செட்’ செய்துவிட்டு அதே டெர்மினலில் ஓட்டுங்கள். மானியதா, ஒயிட்ஃபீல்ட் டெக் பார்க்குகளில் ப்ராக்ஸி வழியாகவே வெளியே போகும் நெட்வொர்க்குகளில் மற்ற எல்லாவற்றுக்கும் முன் இதைப் பாருங்கள்.

அடுத்து போர்ட். ‘எஸ்எஸ் -டிஎல்என்பி’ அடித்து 8080, 8443 இரண்டையும் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஜென்கின்ஸ் இயல்பாகவே 8080-இல்தான் உட்காரும். ஐபிஏவுக்குத் தனி மெஷின் வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். 80, 443 போர்ட்களில் என்ஜின்எக்ஸ் ஓடும் மெஷினிலும் இதே தகராறு வரும்.

பிறகு யூமாஸ்க், அதாவது புதிய கோப்புகளின் அனுமதியைக் குறைக்கும் எண். கடினப்படுத்திய ஓஎஸ் இமேஜ்களில் 027 அல்லது 077 இருக்கும்; நிறுவிக்கு 0022 வேண்டும். நிறுவும் நேரத்துக்கு மட்டும் மாற்றினால் போதும்.

இவை எதுவுமில்லை என்றால் ‘ஃப்ரீ -எம்’ பாருங்கள். கெர்னல் நினைவகம் இல்லாமல் ஜாவாவைக் கொன்றிருந்தால் ‘ஜர்னல்சிடிஎல் -கே’ வெளியீட்டில் ‘அவுட் ஆஃப் மெமரி’ வரி இருக்கும்.

லாக் படிக்கும் வரிசையும் முக்கியம். வார்-லாக் கோப்பகத்தில் ஐபிஏசர்வர்-இன்ஸ்டால் லாக் இருக்கும். அதன் கடைசி வரி பெரும்பாலும் பயனற்ற பைத்தான் புலம்பல். அங்கிருந்து மேலே ஏறி, முதலில் வந்த பிழையைப் பிடியுங்கள். அது பிகேஐயைக் கைகாட்டினால் அதே வார்-லாக்கின் பிகேஐ கோப்பகத்தில் ‘பிகேஐ-சிஏ-ஸ்பான்’ என்று தொடங்கும் லாக், அதன்பின் சிஏவின் டீபக் லாக். எஸ்ஈலினக்ஸை (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்புக் காவல்) அணைத்துப் பார்க்கச் சொல்லி யாராவது வருவார்கள். அணைக்க வேண்டாம், ஐபிஏ ‘என்ஃபோர்சிங்’ நிலையில் நன்றாகவே ஓடும்.

அறிகுறி: கேஇனிட் மறுக்கிறது

கேஇனிட் என்பது கெர்பரோஸ் டிக்கெட் வாங்கும் கட்டளை. பிழைச் செய்தியைப் பொறுத்து வழி பிரிகிறது.

*‘கிளாக் ஸ்க்யூ டூ கிரேட்’*

கெர்பரோஸ் இரண்டு மெஷின்களுக்கு இடையே 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். எவ்வளவு பிசகியிருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

சரியாக ஐந்தரை மணி என்றால் யாரோ கையால் நேரம் வைத்திருக்கிறார்கள். டைம்ஸோன் யுடிசியில் இருக்க, கைக்கடிகாரத்தைப் பார்த்து இந்திய நேரத்தை அப்படியே போட்டுவிட்டார்கள். விண்டோஸும் லினக்ஸும் ஒரே மெஷினில் இருக்கும் லேப்டாப்களிலும் இதே ஐந்தரை மணி வரும். விண்டோஸ் போர்டு கடிகாரத்தை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் யுடிசி என்று எடுத்துக்கொள்ளும். டைம்ஸோனை ‘ஏசியா/கொல்கத்தா’ (இரண்டு சொல்லின் முதல் எழுத்தும் பெரியது) ஆக்கி, நேரத்தை கிரோனியிடம் (நேரம் ஒத்திசைக்கும் சேவை) விட்டுவிடுங்கள். கெர்பரோஸுக்கு டைம்ஸோன் ஒரு பொருட்டே அல்ல. அது பார்ப்பது யுடிசியை மட்டுமே.

சில நிமிடங்கள் பிசகியிருந்தால் என்டிபி (இணையம் வழி நேரம் வாங்கும் நெறி) போகவில்லை. ‘கிரோனிசி சோர்சஸ்’ அடியுங்கள். எந்த வரிக்கும் முன்னால் நட்சத்திரக் குறி இல்லையென்றால் யுடிபி 123 ஃபயர்வாலில் அடைபட்டிருக்கலாம். நேர சர்வராக சமய்1 டாட் நிக் டாட் இன், டைம் டாட் என்பிஎல்இந்தியா டாட் ஆர்க் இவற்றைக் கொடுப்பது இங்கே நல்லது. 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட சிஇஆர்டி-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவு, கடிகாரங்களை நிக் அல்லது என்பிஎல் நேரத்தோடு, அல்லது அவற்றோடு பொருந்தும் சர்வரோடு ஒத்திசைக்கச் சொல்கிறது. தணிக்கைக்கு வருபவர்களும் இதைக் கேட்பார்கள். இணைப்பு கிடைத்ததும் ‘கிரோனிசி மேக்ஸ்டெப்’ அடித்தால் நேரம் ஒரே தாவலில் சரியாகும்.

வருடக்கணக்கில் பின்னால் போயிருந்தால் போர்டின் நாணய பேட்டரி செத்துவிட்டது. இதில் ஒரு சுழல் உண்டு. சர்வர் தன் டிஎன்எஸ்ஸைத் தானே கேட்கிறது; டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதிலின் கையொப்பம்) சரிபார்ப்பு தேதியைப் பார்க்கிறது; தேதி தவறு என்பதால் வெளிப் பெயர்கள் எதுவும் கிடைக்காது; அதனால் என்டிபி சர்வரின் பெயரும் கிடைக்காது; நேரம் சரியாகவே ஆகாது. ‘டேட் -எஸ்’ கொண்டு நேரத்தைக் கையால் கிட்டத்தட்டச் சரியாக வையுங்கள், பிறகு கிரோனியை ரீஸ்டார்ட் செய்யுங்கள், பிறகு ‘ஐபிஏசிடிஎல் ரீஸ்டார்ட்’. அன்றைக்கே எஸ்.பி. ரோட்டுக்கு ஒரு ஆளை அனுப்பி சிஆர்2032 பேட்டரி வாங்கிப் போட்டுவிடுங்கள், சில பத்து ரூபாய்தான். மழைக்காலம் தொடங்கி கரண்ட் போய்ப் போய் வரும்போது இந்த ஒரு பேட்டரியால் முழு ஆபீஸும் லாகின் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்.

எதிர்காலத்துக்குப் போயிருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். ஒரே சர்வர் என்றால் நேரத்தைத் திருத்திவிட்டு, அந்த இடைவெளியில் மாற்றிய பாஸ்வேர்டுகளின் காலாவதித் தேதியைப் பாருங்கள், போதும். ரெப்ளிகா (அதே தரவை வைத்திருக்கும் இரண்டாவது ஐபிஏ சர்வர்) இருந்து, ஒரு நாளுக்கு மேல் முன்னால் ஓடியிருந்தால் கையை எடுத்துவிடுங்கள். ரெப்ளிகேஷனின் வரிசை எண்களில் அந்த எதிர்கால நேரம் பதிந்திருக்கும். இது வல்லுநர் வேலை.

*‘கேனாட் கான்டாக்ட் எனி கேடிசி’*

கேடிசி என்பது டிக்கெட் கொடுக்கும் கெர்பரோஸ் சேவை. ‘ஐபிஏசிடிஎல் ஸ்டேட்டஸ்’ பாருங்கள். சர்வரில் எல்லாம் ஓடி, சர்வரிலேயே கேஇனிட் வேலை செய்து, கிளையன்டில் மட்டும் செய்யவில்லை என்றால் ஃபயர்வால். ‘ஃபயர்வால்-சிஎம்டி’யில் ‘ஃப்ரீஐபிஏ-4’, ‘டிஎன்எஸ்’ இரண்டு சேவைகளையும் நிரந்தரமாகச் சேர்த்து ரீலோட் செய்யுங்கள். டிசிபியில் 80, 443, 389, 636, 88, 464, 53. யுடிபியில் 88, 464, 53. கிளவுடின் மும்பை ரீஜனில் சர்வரை வைத்து பெங்களூருவிலிருந்து விபிஎன் வழியாக வருபவர்கள் செக்யூரிட்டி குரூப்பிலும் இதே பட்டியலைத் திறக்க வேண்டும். டிசிபியை மட்டும் திறந்துவிட்டு யுடிபியை மறப்பது வழக்கமான தவறு. உலகம் முழுவதற்கும் திறக்காதீர்கள். விபிஎன் முகவரிகளுக்கு மட்டும் போதும்.

*பாஸ்வேர்டு தவறு, அல்லது கணக்கு பூட்டியது*

இயல்பு விதிப்படி 60 நொடி இடைவெளிக்குள் அடுத்தடுத்து 6 முறை தவறினால் 600 நொடி பூட்டு. பத்து நிமிடம் காத்திருங்கள், அல்லது ‘ஐபிஏ யூசர்-அன்லாக்’. தவறிய எண்ணிக்கை சர்வர்களுக்கு இடையே பகிரப்படாது; ஆகவே ‘ஐபிஏ யூசர்-ஸ்டேட்டஸ்’ காட்டும் விவரத்தை ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியாகப் படியுங்கள். அட்மின் வைத்துக் கொடுக்கும் பாஸ்வேர்டு முதல் லாகினிலேயே மாற்றச் சொல்லும், அது கோளாறு அல்ல. மாற்றியபின் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி மாற்ற முடியாததும் கோளாறு அல்ல. குறைந்தபட்ச ஆயுள் 1 மணி என்பது இயல்பு விதி.

*பாஸ்வேர்டு சரி, சில பயனர்களுக்கு மட்டும் டிக்கெட் கிடைக்கவில்லை*

பதிப்பு 8-இலிருந்து 9-க்குத் தாவியபோதும், பழைய சர்வரின் பயனர்களை யுஐடி மாறாமல் இறக்குமதி செய்தபோதும் வருவது. ‘கேஆர்பி5கேடிசி’ லாகில் ‘ஹேண்டில் ஆத்டேட்டா’ என்ற சொல் இருக்கும். அந்தப் பயனர்களுக்கு எஸ்ஐடி (பாதுகாப்பு அடையாள எண்) இல்லை. ‘ஐபிஏ கான்ஃபிக்-மாட்’ கட்டளையில் ‘எனேபிள்-சிட்’, ‘ஆட்-சிட்ஸ்’ இரண்டையும் போட்டு ஓட்டுங்கள். அப்படியும் சிலர் மிஞ்சினால் அவர்களின் யுஐடி ஐபிஏவின் ஐடி வரம்புக்கு வெளியே இருக்கிறது. 1005, 1006 என்ற பழைய லோக்கல் எண்களை அப்படியே கொண்டுவந்திருப்பார்கள். அந்த எண்களை அடக்கும் புது ஐடி ரேஞ்சை ஆர்ஐடி அடிப்படை எண்களோடு சேர்த்து, டைரக்டரி சர்வரை ரீஸ்டார்ட் செய்து, அதே கட்டளையை மறுபடி ஓட்டுங்கள்.

அறிகுறி: கிளையன்ட் சேர மறுக்கிறது

சர்வரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் கிளையன்டின் டிஎன்எஸ் ரவுட்டரையோ 8.8.8.8-ஐயோ காட்டிக்கொண்டிருக்கும். கிளையன்டில் ‘டிக்’ கொண்டு டொமைனின் எல்டாப் எஸ்ஆர்வி பதிவை (டைரக்டரி சேவை எந்தச் சர்வரில் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) கேளுங்கள். பதில் காலி என்றால் உறுதி. ஈடிசி-ரிசால்வ் கோப்பைக் கையால் திருத்துவது வீண், நெட்வொர்க்மேனேஜர் அடுத்த இணைப்பில் அழித்துவிடும். ரவுட்டரின் டிஎச்சிபியிலேயே டிஎன்எஸ்ஸாக ஐபிஏ சர்வரின் முகவரியைக் கொடுங்கள். இரண்டாவது டிஎன்எஸ்ஸாக 8.8.8.8 வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். முதல் சர்வர் பதில் தரத் தாமதித்தால் கிளையன்ட் இரண்டாவதைக் கேட்கும், அது அப்படி ஒரு பெயரே இல்லை என்று சொல்லும், கிளையன்ட் நம்பிவிடும். காலையில் வேலை செய்தது, மதியம் செய்யவில்லை என்ற வகைப் புகார்களின் வேர் இது.

ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது என்றால் ‘ஃபோர்ஸ்-ஜாயின்’ ஆப்ஷன் போடுங்கள். சான்றிதழ் நம்பகமில்லை என்றால், சர்வரை மறுநிறுவல் செய்திருக்கிறார்கள், கிளையன்டில் பழைய ஆணையத்தின் சான்றிதழ் கிடக்கிறது. கிளையன்டில் அன்இன்ஸ்டால் செய்து, ஈடிசி-ஐபிஏ கோப்பகத்தில் சிஏ.சிஆர்டி மிச்சம் இருந்தால் நீக்கிவிட்டுச் சேர்க்கலாம்.

பிரவுசரில் ஐபி முகவரி அடித்தால் பக்கம் திறக்காமல் பெயருக்குத் தாவுகிறது என்பதும் இதே வகைதான். ஐபிஏ முழுப் பெயருக்குத்தான் பதில் சொல்லும், அந்தப் பெயர் அந்த லேப்டாப்புக்குத் தெரியவில்லை.

அறிகுறி: சேர்ந்துவிட்டது, ஆனால் லாகின் ஆகவில்லை

கிளையன்டில் ரூட்டாக ‘ஐடி’ என்று அடித்துப் பயனர் பெயரைக் கொடுங்கள்.

பயனரே இல்லை என்று வந்தால் எஸ்எஸ்எஸ்டி, அதாவது கிளையன்டில் பயனர் விவரத்தை ஐபிஏவிடம் கேட்டு வாங்கும் சேவை. ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் எஸ்எஸ்எஸ்டி’ பாருங்கள். அமைப்புக் கோப்பை யாராவது திருத்தியிருந்தால் அதன் உரிமை 0600 ஆக இருக்கிறதா என்று சரிபாருங்கள். ‘எஸ்எஸ்எஸ்_கேஷ் -ஈ’ (நடுவில் அடிக்கோடு, ஈ பெரிய எழுத்தில்) அடித்துச் சேமிப்பைக் காலாவதியாக்குங்கள். கடைசியாக, எஸ்எஸ்எஸ்டியை நிறுத்தி, வார்-லிப்-எஸ்எஸ்எஸ்-டிபி உள்ளே இருப்பதை அழித்து, திரும்ப எழுப்புங்கள். வீட்டில் ஆஃப்லைனில் இருக்கும் லேப்டாப்பில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். சேமித்து வைத்த பாஸ்வேர்டும் சேர்ந்து போய்விடும், அவர் ஆபீஸ் நெட்வொர்க்குக்கு வரும்வரை உள்ளே நுழைய முடியாது.

பயனர் தெரிகிறார், பாஸ்வேர்டும் ஏற்கிறது, உடனே இணைப்பு அறுகிறது என்றால் எச்பிஏசி (யார் எந்த மெஷினுக்குள் போகலாம் என்ற விதிகள்). லாகில் எண் 6, ‘பெர்மிஷன் டினைட்’ இருக்கும். ‘அலவ்-ஆல்’ விதியை யாரோ அணைத்துவிட்டு மாற்று விதி எழுத மறந்திருப்பார்கள். சர்வரில் ‘ஐபிஏ எச்பிஏசிடெஸ்ட்’ ஓட்டி, பயனர், மெஷின், எஸ்எஸ்எச்டி சேவை மூன்றையும் கொடுத்தால் எந்த விதி பொருந்துகிறது என்று சொல்லிவிடும்.

உள்ளே போய்விட்டார், ஹோம் டைரக்டரி இல்லை என்றால் ‘ஆத்செலக்ட் எனேபிள்-ஃபீச்சர் வித்-எம்கேஹோம்டிர்’, பிறகு ‘ஆட்ஜாப்டி’ சேவையை எழுப்புங்கள். உபுண்டுவில் ‘பேம்-ஆத்-அப்டேட்’ வழியாக.

அறிகுறி: ஆபீஸில் நெட் போய்விட்டது என்கிறார்கள், ஆனால் லைன் நன்றாக இருக்கிறது

ஐபிஏ டிஎன்எஸ் ஆனபின் வரும் புகார். ‘டிக்’ கொண்டு வெளிப்பெயர் ஒன்றைக் கேளுங்கள். ‘செர்வ்ஃபெயில்’ வந்தால் அதே கேள்வியை ‘+சிடி’ சேர்த்துக் கேளுங்கள். இப்போது பதில் வந்தால் டிஎன்எஸ்செக் சரிபார்ப்புதான் காரணம். நேரத்தை மறுபடி பாருங்கள். நேரம் சரி என்றால் ஃபார்வர்டராக (வெளிப்பெயர்களைக் கேட்க ஐபிஏ நாடும் டிஎன்எஸ்) கொடுத்த ரவுட்டர் டிஎன்எஸ்செக் விவரங்களைக் கடத்துவதில்லை. அதைக் கடத்தும் வேறு ஃபார்வர்டர் கொடுப்பது முதல் வழி. சரிபார்ப்பையே அணைப்பது இரண்டாம் வழி. ஈடிசி-நேம்ட் கோப்பகத்தில் உள்ள ஐபிஏ-ஆப்ஷன்ஸ்-எக்ஸ்ட் கோப்பில் ‘டிஎன்எஸ்செக்-வேலிடேஷன்’ என்பதை ‘நோ’ ஆக்கலாம்.

‘ரெஃப்யூஸ்டு’ வந்தால் வேறு கதை. சர்வர் இருக்கும் சப்நெட்டில் நெட் வரும். விபிஎன்னிலோ இரண்டாம் மாடி விலேனிலோ வராது. ஐபிஏவின் டிஎன்எஸ் சர்வரான பைண்ட் (சேவைப் பெயர் நேம்ட்) தன் உள்ளூர் சப்நெட்டுக்கு மட்டுமே வெளிப்பெயர்களைத் தேடித் தரும். நம்பகமான சப்நெட்கள் எல்லாவற்றையும் ஒரு ஏசிஎல்லில் (அனுமதிப் பட்டியல்) எழுதி, ‘அலவ்-ரிகர்ஷன்’ வரியில் சேர்த்து நேம்டை ரீலோட் செய்யுங்கள்.

அறிகுறி: கரண்ட் போய் வந்தபின், அல்லது நீண்ட விடுமுறைக்குப்பின், சர்வர் எழவில்லை

‘ஐபிஏசிடிஎல் ஸ்டார்ட்’ ஒரு சேவை தவறினாலும் எல்லாவற்றையும் இறக்கிவிடும். ‘--இக்னோர்-சர்வீஸ்-ஃபெயிலியர்ஸ்’ சேர்த்து எழுப்பினால் எது விழுகிறது என்று தெரியும்.

டைரக்டரி சர்வரே எழவில்லையா? ‘டிஎஃப் -எச்’ பாருங்கள். வார் கோப்பகம் நிரம்பியிருக்கலாம். லாக்கை அழிக்கும் முன் ஒரு நிமிடம்: மேலே சொன்ன அதே சிஇஆர்டி-இன் உத்தரவு லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. வேறு டிஸ்குக்கு நகர்த்துங்கள். இடம் இருந்தும் தாமதித்தால் எரர் லாகைப் பாருங்கள். ஒழுங்காக நிறுத்தப்படவில்லை, தரவுத்தளத்தை மீட்கிறேன் என்ற வரி இருந்தால் காத்திருங்கள். பொறுமையில்லாமல் பவர் பட்டனை அழுத்தினால் மீட்பு நடுவில் அறும்.

டைரக்டரி எழுகிறது, பிகேஐ-டாம்கேட் மட்டும் விழுகிறதா? சான்றிதழ் காலாவதி. சிஏ சான்றிதழுக்கு 20 வருட ஆயுள், ஆனால் உள்ளே இருக்கும் சேவைச் சான்றிதழ்களுக்கு 2 வருடம்தான். காலாவதிக்கு 28 நாள் முன்பிருந்தே செர்ட்மாங்கர் என்ற சேவை புதுப்பிக்க முயலும். அந்தச் சேவை நின்றுபோயிருந்தாலோ மெஷின் அந்த நாட்களில் அணைந்திருந்தாலோ தவறிவிடும். ‘கெட்செர்ட் லிஸ்ட்’ அடித்துத் தேதிகளைப் பாருங்கள். ‘மானிட்டரிங்’ என்றால் நலம். தேதி கடந்திருந்தால் முதலில் வி.எம். ஸ்னாப்ஷாட்டோ டிஸ்க் நகலோ எடுங்கள், மெஷினை அணைத்துவிட்டு. பிறகு ‘ஐபிஏ-செர்ட்-ஃபிக்ஸ்’, எதையெல்லாம் புதுப்பிக்கப் போகிறது என்று காட்டி ‘யெஸ்’ கேட்கும். கடிகாரத்தைப் பின்னால் தள்ளிப் புதுப்பிக்கும் பழைய தந்திரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேலே கடிகாரம் பற்றிப் படித்தபின் அது வேண்டாம் என்று உங்களுக்கே தோன்றும்.

ஐபிஏ-செர்ட்-ஃபிக்ஸ் ஒரு முறை தவறினால் லாகைப் படித்து இன்னொரு முறை முயலலாம். இரண்டாம் முறையும் தவறினால் நிறுத்துங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடங்கள்

சிஏ வைத்திருந்த ஒரே சர்வர் போய், பேக்கப்பும் இல்லாதது. ரெப்ளிகாக்கள் ஒன்றுக்கொன்று வேறு பயனர் பட்டியல் காட்டுவது. ஒரு ரெப்ளிகாவை மட்டும் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பியபின் வரும் எந்தக் கோளாறும். ஆக்டிவ் டைரக்டரியோடு டிரஸ்ட் போட்டிருக்கும் அமைப்பு. அட்மின் பாஸ்வேர்டு மறந்தது இந்தப் பட்டியலில் இல்லை. டைரக்டரி மேனேஜர் பாஸ்வேர்டு இருந்தால் அதைக் கொண்டு அட்மினுடையதை மாற்றலாம். இரண்டுமே போனாலும் ரூட் அணுகல் இருந்தால் டைரக்டரி மேனேஜரை மறுபடி அமைக்கலாம்.

வருபவருக்கு இவற்றை எடுத்து வையுங்கள்: மெஷின் அணைந்திருந்தபோது எடுத்த டிஸ்க் நகல், ‘ஐபிஏ-ஹெல்த்செக் --ஃபெயிலியர்ஸ்-ஒன்லி’ வெளியீடு, ‘கெட்செர்ட் லிஸ்ட்’ வெளியீடு, டைரக்டரி மேனேஜர் பாஸ்வேர்டு, எந்தச் சர்வர் சிஏ ரினியூவல் மாஸ்டர் (சான்றிதழ் புதுப்பிப்பை நடத்தும் சர்வர்) என்ற விவரம். கடைசியானது ‘ஐபிஏ கான்ஃபிக்-ஷோ’ வெளியீட்டில் கிடைக்கும். இதுவரை யார் என்ன கட்டளை அடித்தார்கள் என்பதற்கு ரூட்டின் ஹிஸ்டரியையும் எடுத்து வையுங்கள், வெட்கப்பட்டு எதையும் அழிக்காமல்.